பதினொன்றாம் இடத்துக்காரர்

உலகத்தில் பாட்டுப் பிரியர்கள் இரண்டு வகை. பாட்டைக் கேட்கிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. தலையை ஆட்டுவார்கள், குளிக்கும்போது முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். இன்னொரு வகை இருக்கிறது. அந்தப் பாட்டு எந்த வாரம் வெளிவந்தது, முதல் வாரம் பட்டியலில் எத்தனையாவது இடம், மறுவாரம் எத்தனை படி ஏறியது, எப்போது இறங்கியது, இசைத்தட்டின் மறுபக்கத்தில் என்ன பாட்டு, உறையின் முதுகில் அச்சிட்ட எண் என்ன என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற ரகம். சரி, பாட்டு எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "மூணு நிமிஷம் பன்னெண்டு விநாடி இருக்கும்" என்பார்.

இந்த ஆசாமியை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கல்யாண வீட்டில் நாலு பேர் சந்தோஷமாக ஆடிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். ஆடுகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "அடடா, எண்பத்தஞ்சுல வந்த பாட்டாச்சே!" என்று வாயைத் திறந்தால் தீர்ந்தது. "எண்பத்தாறு. பிப்ரவரி. ரெண்டாவது வாரம்." அதற்குமேல் அந்த மனிதருக்கு ஆட்டமும் வராது, சாப்பாடும் இறங்காது. எழவு வீடு என்றால் மட்டும் சும்மா இருப்பாரா? பெட்டியை இறக்கும்போது வாசித்த பாட்டு பட்டியலில் ஏறவே இல்லை என்பதை விதவையிடம் போய் மெதுவாகச் சொல்லிவிட்டு வருவார். ஆறுதலாகத்தான்!

எங்கள் ட்ரெஹெலிக் ஊரில் இந்த இனத்துக்கு எம்லின் ப்ரோபர்ட் என்று பெயர்.

வேல்ஸ் பள்ளத்தாக்கு ஊர்களில் பாதிப் பேர் ஜோன்ஸ், மீதிப் பேர் டேவிஸ். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்பதால் தொழிலைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். ரொட்டி சுடுகிறவர் ரொட்டி கிளான்மோர். கம்பளி நூல் விற்றவர் கம்பளி ஆல்வென். எம்லின் முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர், நியாயமாக மீட்டர் எம்லின் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. யாரைக் கேட்டாலும் "பதினொண்ணு எம்லின் வீடா? அதோ, பச்சைக் கதவு" என்றுதான் கையைக் காட்டுவார்கள்.

அந்தப் பதினொன்றுக்குக் காரணம் ஐர்லிஸ் மாடக்ஸ். எங்கள் ஊர் பஸ் டிரைவர் மகள். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, லண்டன் வரைக்கும் போய் இசைத்தட்டு வெளியிட்ட பெண். மொத்தம் ஆறு ஆல்பம், பதினாலு தனித்தட்டு. எம்லின் இவற்றுக்காகவே ஒன்பது நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். கோடு போட்டு, கட்டம் கட்டி, ஏறியது பச்சை மசியில், இறங்கியது நீலத்தில். சிவப்பு மசியில் எழுதியது ஒரே ஒரு கட்டம். 1986 நவம்பர், 'ஈரக்கோட்டு' என்ற பாட்டு, மூன்றாவது வாரம், பதினொன்றாம் இடம். அதற்கு எதிரே 'காரணம்' என்ற இடத்தில் ஒரே சொல்: லண்டன்.

அந்த நவம்பரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ரேடியோக்காரன் அந்த வாரம் அதிகம் விற்ற தட்டுகளை நாற்பதாம் இடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவான். ஊரே ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கும். முதல் வாரம் முப்பத்திரண்டு. அடுத்த வாரம் பத்தொன்பது. இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினால் பத்துக்குள் போய்விடும் என்று எம்லினுக்கு ஆவேசம் வந்துவிட்டது. மீட்டர் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் "தட்டு வாங்கியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. ரக்பி அணி மொத்தமாக வாங்கியது. பாட்டுப் பெட்டியே இல்லாத, தேவாலயத்துச் சேப்பல் மூப்பர் இரண்டு வாங்கினார். ரொட்டி கிளான்மோர் ஏழு வாங்கினார். அவர்தான் ஒரு யோசனையும் சொன்னார்: "ஒரு பஸ் பிடிச்சு எல்லாரும் கார்டிஃப் போய் பெரிய கடைங்கள்ல வாங்குவோமே."

எம்லின் மேஜையைத் தட்டினார். "நம்ம ஊர்ப் பொண்ணு பாட்டைக் கார்டிஃப்காரன் கடையிலயா வாங்கறது? வெக்கமா இல்ல? நம்ம ஆல்வென் ஆன்ட்டி கடை என்ன பாவம் பண்ணிச்சு?"

கேள்வி நியாயமாகப் பட்டது. பஸ் போகவில்லை. ஒரு பக்கம் நூல்கண்டு, மறுபக்கம் இசைத்தட்டு என்றிருந்த ஆல்வென் கடையில் அந்த ஒரே வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு தட்டு விற்றது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். பன்னிரண்டு சொன்னான். வேறு பாட்டு. பதினொன்று சொன்னான். 'ஈரக்கோட்டு'. மறுவாரம் இறங்கிவிட்டது. அன்றைக்கு எம்லின் ஆரம்பித்த பல்லவிதான், முப்பத்தேழு வருஷம் ஓய்ந்தபாடில்லை: "நானூத்திப் பன்னெண்டு தட்டை லண்டன்காரன் முழுங்கிட்டான்யா!"

போன வருஷம் தொழிலாளர் மன்றத்துச் சுவரில் ஐர்லிஸ் பெயரில் ஒரு பலகை பதிப்பதென்று முடிவாயிற்று. திறந்து வைக்க அந்த அம்மாவே வருவதாகவும் ஒப்புக்கொண்டாள். வரவேற்புரை? சந்தேகமென்ன, எம்லின்தான். பதினெட்டுப் பக்கம் எழுதினார். பதினேழாம் பக்கத்தில் லண்டனை நார் நாராகக் கிழித்திருந்தார். அதற்கு ஒரு சாட்சி வேண்டுமென்று வியாழக்கிழமை ஆல்வெனைத் தேடிப் போனார். ஆன்ட்டிக்கு இப்போது எண்பத்துமூன்று வயது. கடையை மூடிப் பல வருஷம் ஆயிற்று. கை மட்டும் பின்னிக்கொண்டேதான் இருக்கிறது.

"ஆன்ட்டி, அந்த வாரம் வித்ததை எல்லாம் கணக்குப் பொட்டியில அழுத்தினீங்கல்ல, அந்தச் சீட்டு எதாவது கெடக்குதா?"

"எந்தப் பொட்டி?"

"அதாங்க, கடைல வித்ததை அழுத்தினா லண்டனுக்குத் தகவல் போகுமே, அது."

"அது என் கடைல எங்கடா இருந்துச்சு? கார்டிஃப்ல பெரிய கடைங்கள்ல வெச்சிருந்தான். அந்தக் கடைங்கள்ல வித்தாத்தான் பட்டியல்ல ஏறும். ஊசியும் நூலும் விக்கிறவகிட்ட எவன் கொண்டாந்து வெப்பான்?"

எம்லின் கையிலிருந்த கேக் துண்டு டீயில் விழுந்தது.

"அப்ப... நானூத்திப் பன்னெண்டு?"

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், கர்த்தருக்குத் தெரியும். லண்டனுக்குத் தெரியாது. டீ ஆறுது, குடி."

"இத்தனை வருஷமா ஏன் ஆன்ட்டி சொல்லல?"

"நீ எங்கடா கேட்டே? வருஷக் கணக்கா நீதானே பேசிட்டிருந்தே!"

மனுஷன் வீட்டுக்கு எப்படி நடந்து வந்தார் என்று அவருக்கே தெரியாது. விஷயம் எளிது. கிளான்மோர் சொன்னபடி பஸ் போயிருந்தால் பாட்டு பத்துக்குள் போயிருக்கும். பஸ்ஸை நிறுத்தியவர் யார்? ஐர்லிஸின் பெரிய வாய்ப்பைக் கெடுத்த பாவி லண்டனில் இல்லை, பச்சைக் கதவு போட்ட வீட்டில் இருந்தார்.

அவர் மனைவி நெரிஸ் கெட்டிக்காரி. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆல்வென் ஆன்ட்டி வாய தெறக்க மாட்டா. நானும் தெறக்க மாட்டேன். நீயும் மூடிக்கிட்டு லண்டனைத் திட்டிட்டு எறங்கி வா. ஊரே கை தட்டும்."

"நோட்டுல தப்பா இருக்கே, நெரிஸ்."

"எந்த நோட்டுல?"

"நாலாம் நோட்டுல. 'காரணம்' கட்டத்துல."

நான் இந்த இனத்தை எவ்வளவோ கேலி செய்கிறேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இவர்கள் மனைவி பிறந்த நாளை மறப்பார்கள், அடுப்பில் வைத்த பாலை மறப்பார்கள். தப்பான ஒரு தகவலை மட்டும் தெரிந்தே கட்டத்துக்குள் விட்டு வைக்க இவர்களால் ஆகாது. வெள்ளிக்கிழமை முழுக்க எம்லின் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஐர்லிஸ் காறித் துப்பினாலும் துப்பட்டும் என்று சாயந்திரம் பேனாவை எடுத்து 'லண்டன்' என்பதை அடித்துவிட்டு 'எ. ப்ரோபர்ட்' என்று எழுதினார்.

சனிக்கிழமை மதியம் மன்றத்தில் நிற்க இடமில்லை. செயலாளர் மணியை அடித்து அடக்க வேண்டியதாயிற்று. ஐர்லிஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் அதே பஸ் டிரைவர் மகள் சிரிப்பு. எம்லின் மேடை ஏறினார். பதினெட்டுப் பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்தார். நெரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐர்லிஸ், உன் பாட்டு பத்துக்குள்ள போகாததுக்கு லண்டன் காரணமில்ல. நான்தான்."

பொட்டி இல்லாத கடை, போகாத பஸ், தான் தட்டிய மேஜை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த வாரம் விற்ற நானூற்று இருபத்தொரு தட்டில் ஒரு தட்டுகூடக் கணக்கில் ஏறவில்லை என்று சொல்லி முடித்தபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

பின்வரிசையிலிருந்து ரொட்டி கிளான்மோர் எழுந்தார். "அடப்பாவி! என் வீட்ல ஏழு தட்டு கெடக்குதுடா! ஏழுல ஒண்ணுகூடக் கணக்குல வரலையா?"

கொல்லென்று சிரிப்பு. எம்லின் சிரிக்கவில்லை. அவர் ஐர்லிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்:

"பதினொண்ணா? நான் பதினாலுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! கேக்கறவங்ககிட்டல்லாம் பதினாலுன்னுதான் சொல்லிட்டு வரேன்."

நீங்கள் எம்லினைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நொடி முன்னால் தூக்கு மேடையில் நின்ற மனிதர், சட்டென்று நிமிர்ந்தார். குற்றம் எங்கே போயிற்று, கண்ணீர் எங்கே போயிற்று?

"பதினாலா? யாரு சொன்னது? பதினாலு 'பாலத்துக்குக் கீழே'! எண்பத்தேழு மார்ச்! மூணு வாரம் நின்னுது! ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறியே, ஒரு பொறுப்பு வேணாமா?"

"மன்னிச்சுக்கோ எம்லின்" என்றாள் ஐர்லிஸ். மன்னிப்புக் கேட்க வந்தவர் எம்லின், கேட்டது அவள். அப்புறம் அவளும் மேடையேறி அவர் தோளில் கை போட்டாள்.

"எத்தனாவது எடம்னு சத்தியமா எனக்கு ஞாபகமில்ல. ஆனா அந்த வாரம் லண்டன்ல தனியா ஒரு ரூம்ல சளி புடிச்சுப் படுத்திருந்தேன். அம்மா போன் பண்ணினா. சேப்பல் மூப்பர் ரெண்டு தட்டு வாங்கிட்டாருடின்னு சொன்னா. பாட்டுப் பொட்டியே இல்லாத மனுஷன்! நான் அழுதுட்டேன். அதை நீ எந்தக் கட்டத்துல எழுதி வெச்சிருக்க?"

எம்லின் உண்மையாகவே யோசித்தார். "அதுக்குக் கட்டம் இல்ல" என்று ஒப்புக்கொண்டார். "இன்னிக்கே போட்டுடறேன்."

பிறகு பலகையைத் திறந்தாள், பாடினாள். எங்கள் ஊரில் ஒருத்தர் பாட மற்றவர் சும்மா இருக்கிற வழக்கம் கிடையாது. இரண்டாவது வரியிலேயே கூட்டம் முழுக்கச் சேர்ந்துகொண்டது, ஆண்கள் கீழ்க்குரலில், பெண்கள் மேலே. ஆல்வென் ஆன்ட்டியும் பாடினாள், கிளான்மோரும் பாடினார். எம்லின் மட்டும் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நெரிஸ் விலாவில் இடித்தாள்.

"என்ன, பாடேன்!"

"எனக்கு வரி தெரியாது" என்றார் அவர், காதோரமாக.

"முப்பத்தேழு வருஷமாவா?"

"நீ பாடு. நான் கேக்கறேன்."

கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக முழுசாகக் கேட்டார் என்று நினைக்கிறேன், மூக்கை உறிஞ்சினார். பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் நெரிஸ் அவர் கையைப் பிடித்து, "எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு நெரிஸ். நாப்பது விநாடி கூடுதலா இழுத்துட்டாங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நமக்கென்ன, எங்கோ இருக்கிற யாரோ எம்லின்தானே? ஆனால் ஒரு சின்ன விஷயம். விற்ற தட்டு எத்தனை என்று முதலில் ஒரு கணக்குச் சொன்னேன். மேடையில் எம்லின் பேசினார் என்று எழுதியபோது வேறு கணக்கு எழுதினேன். அந்த இடத்தில், ஒரு மனிதர் ஊர் முன்னால் குரல் உடைந்து நின்ற அந்த இடத்தில், "நானூற்றுப் பன்னிரண்டு அல்லவா?" என்று விரலைத் தூக்கினீர்களா? தூக்கினீர்கள் என்றால், வாருங்கள், எம்லினுக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான். கவனிக்கவே இல்லை, நான் அந்த இனமில்லை என்கிறீர்களா? ரொம்பச் சந்தோஷம். அப்புறம் எதற்கு இப்போது மேலே போய்ச் சரிபார்க்கிறீர்கள்?