பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

உலகம் ஒருநாள் அழிந்துபோனால், மறுநாள் காலை டீ குடித்துவிட்டு அதை அப்படியே திரும்ப எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் முத்தியால்பேட்டையில் இருக்கிறார். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. தெருவுக்கு அவர் 'இன்னொண்ணு'. நேரில் பார்த்தால் 'சார்'.

எதைக் காட்டினாலும் "இன்னொண்ணு வெச்சிருக்கியா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, தலைமுடிக்குள் அதே பவரில் மற்றொன்று. மழை வந்தால் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நடப்பார், அதன் ஜோடி பைக்குள் நனையாமல் பத்திரமாக இருக்கும். சட்டையையும் ஒரே நிறத்தில் இரண்டிரண்டாக எடுப்பதால், பாவம், ஒரே சட்டையோடு காலம் தள்ளுகிறார் என்று என் மனைவி ரொம்ப நாள் இரக்கப்பட்டிருக்கிறாள். பிள்ளையாருக்கு உடைக்க இரண்டு தேங்காய் கொண்டு போவார். "ஒண்ணு அழுவிப்போயிருந்தா சாமி இன்னா பண்ணும்?" என்பார்.

அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம்: "நல்ல வேளக்கா, என் விஷயத்துல மட்டும் ஒண்ணு போதும்னுட்டாரு."

நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கடைக்கு மேல் மாடியில் அவர் குடித்தனம். கட்டட ஓனர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா. "மிசே, எல்லாத்தயும் ரெண்டா செய்யறீங்களே, வாடகைய மட்டும் ஏன் ஒரு தடவ குடுக்கறீங்க?" என்று அவர் தம் பிரெஞ்சு மரியாதையோடு மாசாமாசம் கேட்பார். சாரும் மாசாமாசம் சிரித்து வைப்பார்.

கதிர்காமம் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் சாருக்குக் குமாஸ்தா வேலை. சாயங்காலம் வந்ததும் வேறு அவதாரம். கழுத்தில் செயினுக்குப் பதில் இரண்டு பென் டிரைவ் தொங்கும். அதற்குள் ஹார்ட் டிஸ்க்கை அச்சு அசலாக நகல் எடுக்கும் இலவச மென்பொருள். ஊரில் யார் கம்ப்யூட்டர் முனகினாலும் என் கடைக்குத்தான் தூக்கி வருவார்கள். என் மேஜை மேல் வைத்து, என் கரண்டில், என் டீயைக் குடித்துக்கொண்டு குளோன் எடுத்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். வாங்கினால் அந்த மென்பொருளை எழுதிய புண்ணியவான்கள் கோபித்துக்கொள்வார்களாம்.

"திருட்டு சாப்ட்வேரு வெச்சிருக்கறவன் கடையில பச்சத் தண்ணி குடிக்கக் கூடாது" என்று என் கடையில் டீ குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொல்வார். நானும் எதிர்க்கடைக்காரனைத் திட்டுகிறார் என்பதுபோல் தலையாட்டுவேன்.

அவருக்கு இருந்த ஒரே கர்வம் இதுதான்: "எங்கையால ஒருத்தன் போட்டோவாவது, ஒரு பைலாவது போயிருக்குன்னு எவனாவது சொல்லட்டும்." இதை டீக்கடையில் சொல்வார், சலூனில் சொல்வார், துக்க வீட்டில்கூட ஓரமாக நின்று சொல்வார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. உண்மை அதுதான்.

என் டிஸ்க்குக்கும் நகல் போடச் சொல்லி அவர் கெஞ்சாத நாள் இல்லை. தொல்லை தாங்காமல் ஒரு புது டிஸ்க் வாங்கினேன். பழையது எந்தக் கம்பெனி, எந்த அளவோ அதேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டையும் மேஜையில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். அடையாளத்துக்கு என் சாமி படத்திலிருந்து குங்குமம் எடுத்துப் பழைய டிஸ்க்குக்கு ஒரு பொட்டு வைத்தார்.

"பொட்டு வெச்சது குடுக்கறது. வெறும் நெத்தி வாங்கறது. பொட்டு வெச்சத மொதல்ல சொருவணும், லிஸ்ட்ல மேல வரும். வெறும் நெத்தி கீழ வரும். மேலேந்து கீழ. தண்ணி பாயறாப்புல. பூஜ முடிஞ்சி மாமனார் வூட்லேந்து வந்து நானே போட்டுத் தரேன். அது வரைக்கும் நீ தொடாதய்யா."

தொடாதே என்று ஒருவர் சொன்னால் என் கை சும்மா இருக்காது. சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட கை இது.

சார் குடும்பத்தோடு பாகூருக்குப் போனார். ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, கேமராவுக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு, ஸ்டேப்ளருக்கும் பொட்டு. பக்திப் பெருக்கில் இரண்டு டிஸ்க்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்துத் தீபாராதனை காட்டினேன்.

மறுநாள் விஜயதசமி. தொட்டதெல்லாம் துலங்கும் நாள். நாமே குளோன் எடுத்து சாரை அசத்தினால் என்ன என்று தோன்றியது. பாதுகாப்புக்காகச் சார் என் கடையில் விட்டுப்போயிருந்த ஒரு பென் டிரைவைச் சொருகிக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்த மென்பொருளில் பூவும் இல்லை, அருவியும் இல்லை. நீலத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். டிஸ்க்கைச் சொருகு என்று நின்றது. திரும்பிப் பார்த்தால் மேஜையில் இரண்டு சுமங்கலிகள்.

எது பழையது? கம்ப்யூட்டரை அணைத்து, வழக்கம்போலத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். ஆனால் ராகு காலம் பிறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. யோசித்தேன். ஒரு முழுக் கல்யாணத்தை உள்ளே வைத்திருக்கும் டிஸ்க் எப்படியும் கொஞ்சம் கனக்கும் அல்லவா? இரண்டையும் இரண்டு கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். வலது கை கனத்தது. நான் பட்டதாரி என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

வலது கை டிஸ்க் மேலே, இடது கை டிஸ்க் கீழே. கீழே உள்ளதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம். நிஜமாகவா என்று மறுபடியும் கேட்டது. ஒரு கல்யாணத்தில்கூடப் பெண்ணை இத்தனை முறை கேட்பதில்லை. சம்மதம் என்று ஓங்கித் தட்டினேன். மணிக்கணக்கில் ஆகும் என்று சார் சொல்லியிருந்த வேலை, நான் டீ சொல்லி அது வருவதற்குள் முடிந்துவிட்டது. என் கைராசி என்று பூரித்துப்போனேன்.

திறந்து பார்த்தேன். மேலே உள்ளது காலி. கீழே உள்ளதும் காலி. குளோன் என்ற வகையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

போனது என்னவென்றால், வீராம்பட்டினத்துக் கல்யாணம். வேறு எங்கும் அது இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு மறுநாளே பிள்ளைச்சாவடியில் ஒரு முகூர்த்தம் இருந்ததால் கேமரா கார்டுகளைத் துடைத்திருந்தேன். பெண்ணின் அண்ணன் சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். ஒரே தங்கைக்கு அப்பா இல்லாத குறை தெரியாமல் கல்யாணம் செய்து வைத்தவர். அவர் நின்றால் என் கடை வாசலில் வெளிச்சம் வராது. "இன்னாண்ணே, ஆல்பம் ஆச்சா?" என்று தினம் போன் செய்துகொண்டிருந்தார்.

பாகூருக்குப் போன் போட்டேன். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். சார் திட்டவில்லை. "அதுல புதுசா எதுனா போட்டியா?" என்றார். இல்லை என்றேன். "தொடாத. அது மேல மூச்சுகூட வுடாத" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டார்.

வந்து முதல் வேலையாக என்ன செய்தார் தெரியுமா? அந்தக் காலி டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்தார்! "சார், ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு சார் காப்பி?" என்று கதறினேன். "மேல துடைச்சிருக்கு. அடியில அப்பிடியேதான் கெடக்கும். காலி டிஸ்க்க குளோன் பண்ணா அதுல எழுதறதுக்கு இன்னா இருக்கு?" என்றார். அந்த நகலை வைக்க அவருடைய சொந்த டிஸ்க் ஒன்றைக் காலி செய்திருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பிறகு இன்னோர் இலவச மென்பொருளை ஓடவிட்டார். அது அடியில் கிடந்த படங்களைத் தோண்டித் தோண்டி மேலே போட்டது. பெயரில்லை, வரிசையில்லை. நலுங்குக்குப் பக்கத்தில் மீன் குழம்பு. மாலை மாற்றுவதற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். வருஷக்கணக்காக நான் அழித்ததெல்லாம்கூட எழுந்து வந்தது. கண்ணாடி முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு, கூலிங் கிளாஸோடு ஒருவன் நிற்கும் படம் வரிசையாக வந்தது.

"இது யாரு, நடிகனா?"

"வுடுங்க சார்."

தாலி கட்டும் படங்கள் மட்டும் ஒவ்வொன்றும் பாதிக்குமேல் சாம்பல் நிறமாக வந்தன. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்குள் வெளிச்சம் குறைந்தது. பெண்ணின் அண்ணன். நான் கீழே விழாத லென்ஸ் மூடியைத் தேடி மேஜைக்கடியில் குனிந்தேன்.

"இன்னாங்க இது, படமெல்லாம் கலைஞ்சி கெடக்கு? தாலி கட்டறது எங்க?"

மேஜைக்கடியில் இருந்தபடியே சாரின் குரலைக் கேட்டேன்.

"என் தப்புதான் தம்பி. காப்பி எடுக்கறேன்னு டிஸ்க்க மாத்திப் போட்டுட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. எப்பிடியாவது எடுத்துக் குடுத்துடறேன்."

அண்ணன் அவரைப் பிடித்துக்கொண்டார். "தெரியாத வேலைய எதுக்குய்யா தொடுற? கூடப்பொறந்தவ கல்யாணம்யா!" அந்தச் சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் மூடியைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

அன்று மாலையே ஒரு தாலிப் படம் முழுசாக வந்தது. ஓரத்தில் அண்ணன் உதட்டைக் கோணிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார் என்பதற்காக, அழகாக இல்லை என்று நான் அழித்த படம். ஆல்பத்தில் அதைத்தான் வைத்தோம். அண்ணன் ஆல்பத்தைப் புரட்டிவந்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "இத பெருசாப் போட்டு பிரேம் பண்ணிக் குடுண்ணே" என்றார். நான் நல்லது என்று பொறுக்கி வைத்த படம் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

"ஏன் சார் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"உனக்கு இது பொழப்புய்யா. எனக்கு இன்னா, பேருதான."

ஆனால் அந்தப் பேர்தான் அவரிடம் இருந்தது. இப்போது டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால், "வீராம்பட்டினம் கல்யாணத்த வுட்டுட்டியே சார்" என்று சிரிக்கிறார்கள். அதைச் செய்தவன் நான்தான் என்று சலூனில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று என்னைத்தான் பாராட்டுகிறார்கள்.

அதனால் இங்கே அச்சில் சொல்லிவிடுகிறேன். அவர் கையால் ஒரு படம்கூடப் போனதில்லை. இப்போதும் ஆபீஸ் விட்டதும் என் கடைக்கு வந்து, "யாராவது டிஸ்க் எதுனா எடுத்தாந்தாங்களா?" என்று கேட்கிறார். இல்லை என்றதும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. முத்தியால்பேட்டைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வேலை இருக்கிறதோ இல்லையோ, ஒரு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு சாயங்காலமாக வந்துவிட்டுப் போங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன்.