பதினெட்டாவது கேள்வியும் ஷெரீஃப் காரும்

ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரு கோடு. வெண்டல் நீபர் செய்தது அவ்வளவுதான். பேனா தாளைத் தொட்ட நேரம் ஒரு நொடிகூட இருக்காது. அந்த நொடிக்காக அவர் ஒன்பது நாள் தூங்கவில்லை. கோடு போட்டபோது அது கேடு என்று தோன்றவில்லை.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய படிவம் அது. பேத்தி பிரின்னுக்கு வெண்டலும் அவர் மனைவி ஆர்டிஸும் சட்டப்படி பாதுகாவலர் ஆவதற்கான மனு. பிரின்னுக்கு ஆறு வயது. அவள் அம்மா கார்லா, நீபர் வீட்டின் ஒரே மகள். நவம்பர் மாதம் பனியில் சறுக்கி வந்த லாரி ஒன்று அவளைக் கொண்டுபோய்விட்டது. அப்பாக்காரன் யார் கண்ணிலும் பட்டு நாலு வருஷம் ஆகிறது. மனு நிற்காவிட்டால் குழந்தை டெக்ஸஸில் இருக்கும் அவனுடைய அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அண்ணனை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், அதுவும் தொட்டிலில் படுத்துக்கொண்டு.

பதினேழு கேள்விகள் நல்லபடியாகத்தான் போயின. பதினெட்டாவது கேள்வி, வீட்டில் இருக்கும் பெரியவர் யாராவது எப்போதாவது குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டது. வெண்டல் 'இல்லை'யில் கோடு போட்டார். போட்ட கையோடு படிவத்தை ஆர்டிஸிடம் நீட்டிவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போட வேண்டும் என்று எழுந்து போனார். அவர்கள் மாட்டை விற்று ஏழு வருஷம் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். 1979 ஏப்ரலில், இருபத்துமூன்று வயது வெண்டல் போதையில் பாதை தவறி, நடுத்தெருவில் சாவியோடு நின்றிருந்த ஷெரீஃபின் போலீஸ் காரைத் தன் கார் என்று நினைத்து ஏறினார். சிவப்பு விளக்கைச் சுழலவிட்டு, சைரனை அலறவிட்டு ஊரைச் சுற்றினார். கடைசியில் காரை ஆற்றுக்குள் ஓட்டினார். அது மிதக்கும் என்று நம்பியதாகப் பிற்பாடு நீதிபதியிடம் சொன்னார். பத்து நாள் சிறை. பக்கத்து மாவட்டத்திலிருந்த ஆர்டிஸோடு அப்போது நிச்சயமாகியிருந்தது. மோலீன் நகரத்தில் டிராக்டர் பழுதுபார்க்கும் பயிற்சிக்குப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். குற்றப்பத்திரிகையும் கல்யாணப் பத்திரிகையும் அவருக்கு ஒரே வருஷத்தில் வந்தன.

விஷயம் தெரிந்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள். மீதிப்பேர் மறந்திருப்பார்கள் என்று நம்பி நாற்பது வருஷம் ஓட்டிவிட்டார். கோர்ட் மறந்திருக்குமா என்பதுதான் கேள்வி. குடித்த குற்றமாவது பழசு. கோர்ட்டுக்கே பொய் எழுதியது புத்தம் புதுசு.

ஆறாம் நாள் காலையில் குளிர்க்கோட்டை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டே?" என்றாள் ஆர்டிஸ்.

"வண்டிக்கு எண்ணெய் மாத்தணும்."

"போன வாரம்தானே மாத்தினே?"

"கறுத்துப்போச்சு."

"உன் மூஞ்சியும்தான் கறுத்துப்போச்சு. அதையும் மாத்திட்டு வா."

போனது நூலகத்துக்கு. அங்கே கம்ப்யூட்டரில், மாநிலத்தின் கோர்ட் பதிவுகளைப் பொதுமக்கள் தேடிப் பார்க்கலாம் என்று ஒரு சலூனில் கேள்விப்பட்டிருந்தார். ஒற்றை விரலால் தட்டினார். பெயர் கேட்டது, தட்டினார். எந்தக் கவுண்டி, அதாவது மாவட்டம், என்று கேட்டது, லிண்டன் என்று தட்டினார். பிறந்த வருஷமும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

'பதிவு எதுவும் கிடைக்கவில்லை.'

திரைக்கு முத்தம் கொடுக்காததுதான் பாக்கி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆனந்தமாக இன்னொரு தடவை படித்தார். அப்போதுதான் கீழே எறும்பு ஊர்வது போலிருந்த எழுத்துகள் கண்ணில் பட்டன. பழைய வழக்குகள் இதில் இருக்காது. அந்தந்தக் கவுண்டியின் கோர்ட் எழுத்தர் அலுவலகத்தில் நேரில் கேட்கவும்.

அடுத்த மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. தொண்ணூற்றுமூன்றாம் வருஷ வெள்ளத்தில் கோர்ட்டின் நிலவறையில் தண்ணீர் புகுந்தது. காரை முழுங்கிய அதே ஆறு. அது தன் வழக்குக் கோப்பையும் முழுங்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினார்.

ஒன்பதாம் நாள் கோர்ட் படியேறினார். எழுத்தர் அலுவலகத்தில் ஷெல்லி இருந்தாள். கார்லாவோடு பள்ளியில் படித்தவள். அவரைக் கண்டதும் அவள் முகம் வாடியது. அவரும் கீழே பார்த்தார்.

"என்ன வேணும், மிஸ்டர் நீபர்?"

"பழைய கேஸ் ஒண்ணு பாக்கணும்மா. எனக்கில்ல. ஒரு தூரத்துச் சொந்தம்."

"பேரு?"

"வெண்டல் நீபர்."

"உங்க பேரு தெரியும். சொந்தக்காரர் பேரு?"

"அவன் பேரும் அதேதான்."

"ஓ. பிறந்த தேதி?"

"ஐம்பத்தாறு, மார்ச் மூணு."

"நடுப்பேரு?"

"ஆல்வின்."

"உங்க நடுப்பேரு?"

வெண்டல் தொண்டையைச் செருமினார். "அதுவும் ஆல்வின்தான்."

"ரொம்பத் தூரத்துச் சொந்தம்தான்," என்று ஷெல்லி சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். "எந்த வருஷம்னு சொன்னா போதும். காரணம்லாம் சொல்ல வேண்டாம். சும்மா பாக்கறதுக்கு உங்க பேரைக்கூடச் சொல்ல வேண்டாம். முத்திரை போட்ட நகல் வாங்கினாத்தான் பேரு, கையெழுத்தெல்லாம்."

"இதை முதல்லயே சொல்லப்படாதா?"

"நீங்கதான் பேரைச் சொல்லிக்கிட்டே வந்தீங்க."

"அப்ப யார் வேணும்னாலும் வந்து பாக்கலாமா?"

"யார் வேணும்னாலும். ரோட்டுல போறவங்ககூட. பொதுப் பதிவுதானே?"

வெண்டல் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். போகிறவர்கள் எல்லாரும் இந்தப் பக்கமாகவே வருவது போலிருந்தது.

தடிமனான அட்டவணைப் புத்தகத்தில் ஷெல்லி விரலை ஓட்டினாள். ஒரு வரியில் விரல் நின்றது. "உடையவர் சம்மதமில்லாம வாகனத்தை எடுத்துட்டுப் போனது. உடையவர்..." என்றவள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். பத்து நிமிஷம். வெண்டல் வெள்ளத்தை வேண்டிக்கொண்டு நின்றார்.

கோப்பு இல்லாமல் திரும்பினாள். கையில் ஒரு இளஞ்சிவப்பு அட்டை மட்டும்.

"கோப்பு கீழ இல்ல."

"போயிடுச்சா! வெள்ளமா?"

"இல்ல. வெளிய எடுத்திருக்காங்க. எடுத்தா அந்த இடத்துல இந்த அட்டையை வெப்போம். போன வியாழக்கிழமை யாரோ முத்திரை நகல் வாங்கியிருக்காங்க, கோப்பை இன்னும் திருப்பி வைக்கல. நான் அன்னிக்கு லீவு." அட்டையை அவர் பக்கம் திருப்பினாள்.

கையெழுத்தைப் படிக்கத் தேவையே இல்லை. முப்பத்தொன்பது வருஷமாகக் குளிர்பெட்டிக் கதவில், பால் வாங்கு, காலைத் துடை, விளக்கை அணை என்று அவரை நடத்திவந்த கையெழுத்து அது.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. ஆர்டிஸ் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில் பிரின் கார்லாவின் பச்சைக் குளிர்க்கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நவம்பரிலிருந்து அவளுக்கு அதுதான் இடம்.

"பிரின் கண்ணு, உள்ள போய் டிவி போட்டுக்கோ," என்றாள் ஆர்டிஸ். கோட்டை இழுத்துக்கொண்டு குழந்தை போனதும், தலை நிமிராமல் கேட்டாள்: "உனக்கு எத்தனை பக்கம் குடுத்தாங்க?"

"என்னது?"

"உன் கதைதான். எனக்குப் பதினாலு பக்கம் குடுத்தாங்க."

வெண்டல் நாற்காலியில் விழுந்தார். "எப்பலேருந்து தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாலயே. அந்த ஆகஸ்ட்லயே பஸ் ஏறி வந்து முழுசா படிச்சுட்டுத்தான் போனேன்."

"யாரு சொன்னா?"

"நீதான். மோலீன்ல பயிற்சின்னு பத்து நாளும் எனக்கு லெட்டர் போட்டியே, ஒவ்வொரு கவரோட முதுகுலயும் லிண்டன் கவுண்டி சிறைச்சாலைன்னு சிவப்பு முத்திரை."

"நான் ஒட்டித்தானே குடுத்தேன்!"

"ஒட்டறது உன் வேலை. முத்திரை அவங்க வேலை. கார்புரேட்டர் எப்படிக் கழட்டறதுன்னு நாலு பக்கம் எழுதியிருந்தே. நல்லாத்தான் இருந்துச்சு."

வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. வெண்டல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "படிச்சுட்டுமா என்னைக் கட்டிக்கிட்டே?"

ஆர்டிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒன்பதாம் பக்கம். ஷெரீஃபோட டெபுடி குடுத்த வாக்குமூலம். நீ நீந்திக் கரையேறிட்டியாம். பின் சீட்லேருந்து அவங்க நாய் குலைக்கற சத்தம் கேட்டுச்சாம். நீ மறுபடியும் தண்ணிக்குள்ள போனியாம். ஏப்ரல் மாசத் தண்ணி, வெண்டல். நாயைத் தூக்கிட்டு வந்து கரையில போட்டுட்டுத்தான் மயங்கி விழுந்தே."

"எனக்கு அது ஞாபகமே இல்லையே."

"டெபுடிக்கு இருந்துச்சு." ஒரு கிழங்கை எடுத்துச் சீவினாள். "கோர்ட் வாசல் பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்து யோசிச்சேன். முட்டாள்தான், ஆனா திரும்பிப் போற முட்டாள்னு தோணுச்சு. மீதியை நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். நாப்பது வருஷமா இருந்தேன்."

"கார்லாவுக்குத் தெரியுமா?" என்றார் வெண்டல்.

"பதினாறு வயசுல சொன்னேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. அப்பாகிட்ட கேட்டுடாதே, பாவம்னு சொன்னேன். கடைசிவரைக்கும் கேக்கல."

கேட்டிருக்கலாமே அவள், என்று வெண்டலுக்குத் தோன்றியது. ஒரே ஒரு தடவை கேட்டு, அவர் முகத்துக்கு நேராகச் சிரித்திருக்கலாம். உள்ளே டிவியில் யாரோ பாடினார்கள்.

"அந்தப் படிவத்துல நான் 'இல்லை'ன்னு போட்டுட்டேன், ஆர்டிஸ்," என்றார். "பொய் சொன்னவன்னு குழந்தையைக் குடுக்க மாட்டாங்க. என்னால போகப்போறா."

"அந்தப் படிவம் அடுப்புல போய் எட்டு நாளாச்சு."

"என்னது?"

"போன வெள்ளிக்கிழமை வண்டி இன்சூரன்ஸ் தாள்னு ஒரு கட்டு நீட்டினேனே, படிச்சியா?"

"கையெழுத்து போட்டேன்."

"போட்டே. படிச்சியான்னு கேட்டேன். அதுல பதினெட்டுக்கு 'ஆம்'. கூடவே பதினாலு பக்கம். கூடவே நீ எழுதின விளக்கக் கடிதம்."

"நான் எப்ப விளக்கம் எழுதினேன்?"

"நல்லாவே எழுதியிருக்கே. கிழங்கைக் கழுவு."

அடுத்த புதன்கிழமை விசாரணை. நீதிபதி மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். பதினாலு பக்கத்தையும் ஆற அமரப் புரட்டினார். வெண்டலின் கழுத்துப்பட்டை பக்கத்துக்குப் பக்கம் இறுகியது.

"மிஸ்டர் நீபர், இந்தக் கடிதம் நீங்க எழுதினதா?"

வெண்டல் எட்டிப் பார்த்தார். "கையெழுத்து என்னோடதுதான், மேடம்."

"'அன்றைக்குக் குடியும் இருந்தது, அறிவும் இல்லை. குடி அந்த வருஷமே நின்றுவிட்டது.' அறிவு என்னாச்சுன்னு ஒண்ணும் எழுதலையே?"

வெண்டல் மனைவியைப் பார்த்தார். அதற்கு அவளும் அவருக்கு எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

"இந்த ஒரு வழக்கைத் தவிர வேற ஏதாவது உண்டா?"

"அந்த ஒரு வழக்குதான் மேடம். வழக்கம் கிடையாது."

நீதிபதி ஒன்பதாம் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு மூடிவிட்டு ஆர்டிஸ் பக்கம் திரும்பினார். "மிஸஸ் நீபர், உங்க ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டியாச்சு. ஆறு வயசுக் குழந்தையை வளத்து ஆளாக்க முடியும்னு தைரியம் இருக்கா?"

"இருக்கு," என்றாள் ஆர்டிஸ். "முப்பத்தொன்பது வருஷமா ஒண்ணை வளத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இது பெண்குழந்தை. சீக்கிரம் வளந்துடும்."

நீதிபதி பேனாவைத் திறந்து உத்தரவில் கையெழுத்திட்டார். கீழே உட்கார்ந்திருந்த பதிவுக்காரப் பெண், பேசிய அத்தனையையும் எழுத்துவிடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். வெண்டல் தன் தரப்பில் ஒரு வார்த்தையாவது பதிவாகட்டும் என்று எழுந்தார்.

"உக்காரு," என்றாள் ஆர்டிஸ்.

பதிவுக்காரப் பெண் அதையும் தட்டிக்கொண்டாள்.