பத்தரைக் கோச்சியை நான் தவறவிட்ட காரணம்

நமுனுகுல,
2003 நவம்பர் 16

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அங்கமுத்து அவர்களுக்கு,

"சம்பந்தி" என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இங்கு நானும் என் வீட்டுக்காரி பெரியாயியும் மகள் கலாராணியும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், சம்பந்தியம்மா நலமாக இருப்பார் என்றும் நம்புகிறேன். நிற்க.

சென்ற மாதம் காலியில் உங்கள் வீட்டைப் பார்க்க வந்த பெண் வீட்டாரில் பெண்ணைப் பெற்றவனை மட்டும் காணவில்லை. கொழும்பில் வேலை செய்யும் உங்கள் மகன் ஜீவனும் அன்று வீட்டுக்கு வந்து சேரவில்லை. "பொண்ணோட அப்பனையும் காணோம், மாப்பிள்ளையையும் காணோம், யாருக்கு யாரைக் கட்டி வைக்கிறது?" என்று நீங்கள் கேட்டதாகப் பெரியாயி சொன்னாள். நியாயமான கேள்விதான். கடையில் சரக்கு இறங்கியது, லீவு கிடைக்கவில்லை என்று ஜீவன் சொன்னதை நீங்கள் நம்பவில்லையாம். மூன்று வாரமாக அவரோடு பேசவில்லையாம். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்கிறீர்களாம். ஐயா, பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. எல்லாம் என்னாலும் என் கமராவாலும் வந்தது. வெளியே சொல்லமாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன், இன்று அதை மீறுகிறேன்.

அந்தக் கமரா என் மூத்த மகன் கட்டாரிலிருந்து அனுப்பியது. உங்கள் வீட்டையும் மாப்பிள்ளையையும் படம் பிடித்துவந்து கலாராணிக்குக் காட்டவேண்டும் என்பதற்காக முப்பத்தாறு படம் எடுக்கும் ரோல் போட்டுக்கொண்டு வந்தேன். பதுளையிலிருந்து வந்த ரயில் விடியற்காலையில் கொழும்பில் எங்களை இறக்கிவிட்டது. காலிக்குப் போகும் ரயிலோ பத்தரைக் கோச்சிதான். பெரியாயியையும் அவள் அக்காவையும் பயணிகள் அறையில் உட்கார வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த மேம்பாலத்தில் சும்மா காற்று வாங்க ஏறினேன். அங்கேதான் சம்பந்தி, கெட்டேன். முப்பத்திரண்டு வருஷம் தேயிலை பாக்டரியில் மெக்கானிக்காக இருந்தவன் நான். பதுளையில் நான் பார்த்ததெல்லாம் ஒற்றைத் தண்டவாளத்தில், ஏறவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வரும் ஒரு ரயில். இங்கே பாலத்துக்குக் கீழே ஒரே நேரத்தில் நாலு ரயில், ஒன்று வர ஒன்று போக, வாசலில் தொங்கும் சனம், கால் வைக்க இடமில்லாமல் ஒரு பெட்டி, அதன் ஜன்னல் வழியே எனக்குக் கை காட்டும் ஒரு பள்ளிக்கூடப் பெண்பிள்ளை. ஒரு படம் எடுத்தேன். அது ஆடியிருக்குமோ என்று இன்னொன்று. பிறகு கீழே இறங்கி, சக்கரம் தெரிய வேண்டுமென்று, உங்கள் வீட்டுக்கென்றே உடுத்தியிருந்த வெள்ளை வேட்டி சட்டையோடு வேலி ஓரத்தில் குப்புறப் படுத்தேன். எழும்பிப் பார்த்தால் முப்பத்தைந்து படம் முடிந்திருந்தது. தலைக்கு மேலே இரண்டு ஜோடி சப்பாத்து.

பொலிஸ்காரர்கள். யுத்தம் நின்ற சமாதான காலம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். கேட்டார்கள். அடையாள அட்டை எங்கே என்றார்கள். அது பெரியாயியின் கைப்பையில் இருந்தது. "நான் வரலேன்னாலும் நீங்க ஏறிடுங்க, கடைசிப் பெட்டியிலயாவது தொத்திக்குவேன்" என்று நானே சொல்லிவிட்டு வந்ததால், என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போன நேரத்தில் பெரியாயியும் பையும் என் அடையாள அட்டையும் காலிக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த நிலையத்துப் பெரிய ஐயா சிங்களத்தில், "எதற்காக ரயிலைப் படம் பிடித்தாய்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "லஸ்ஸனை, மாத்தையா" என்றேன். அழகாக இருக்கிறதே என்றுதான் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே பார்த்தார். அந்நேரம் ஒரு ரயில் கரும்புகை கக்கிக்கொண்டு, கூரை வரைக்கும் ஆளோடு போனது. "இதுவா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார். மரியாதைக்குக் குறைவில்லை, பிளேன்டீயும் தந்தார். ஆனால் தெரிந்தவர் யாராவது வந்து கையெழுத்துப் போடாமல் விடமுடியாது என்றார். கொழும்பில் எனக்கு யாரைத் தெரியும்? சட்டைப் பையில் நீங்கள் எழுதி அனுப்பியிருந்த ஒரே டெலிபோன் நம்பர் இருந்தது. ஜீவன் வேலை செய்யும் அலவி ஹாஜியார் கடை நம்பர்.

நான் முகம் பார்த்திராத மாப்பிள்ளையை முதல்முதலாகப் பொலிஸுக்கு வரச்சொன்ன மாமனார் நானாகத்தான் இருப்பேன். அவரும் பத்தரைக்கு அடுத்த கோச்சியில் காலிக்குப் புறப்படுவதற்காகப் புதுச் சட்டை போட்டுத் தலை வாரி நின்றாராம். அப்படியே ஓடிவந்தார். நான் எழும்பி நின்றேன். வேட்டியில் கரி, முழங்கையில் சேறு. அந்தப் பெரிய ஐயா என்னைக் காட்டி, "இவர் உனக்கு யார்?" என்று கேட்டார். என்ன சொல்லுவார் பாவம்? நிச்சயம் ஆகவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை, ஒரு வாய் சோறு எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் ரயிலைப் பிடித்திருக்கலாம். "மே மகே மாமா" என்றார் சம்பந்தி. இவர் என் மாமா. சிங்களத்திலும் மாமா மாமாதான், அதைக் கேட்க எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கண்ணில் கரி விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்டு என்னை மீட்டபோது பகல் இரண்டு மணி. "இப்ப ஏறினா அத்தை வர்ற கோச்சியும் நாம போற கோச்சியும் வழியில கடந்து போயிடும், மாமா. இங்கேயே நிப்போம்" என்றார். சாப்பாட்டுப் பார்சல் வாங்கித் தந்தார், குழாயடியில் நின்று என் சட்டையின் முதுகைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. "அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. பொண்ணோட அப்பாவைப் பொலிஸ்ல இருந்து கூட்டிக்கிட்டு வந்தாங்கன்னு ஊரு பூரா பேசும். நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிக்கிறேன்" என்றார். மிச்சமிருந்த ஒரே படத்தை அவரை நிறுத்தி எடுத்தேன். பின்னால் ரயில் தெளிவாக விழுந்திருக்கிறது, மாப்பிள்ளை கொஞ்சம் கலங்கலாக இருக்கிறார். கலாராணி அதைப் பார்த்துவிட்டு, "சட்டை நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

காலியிலிருந்து திரும்பிய கோச்சியில் வந்து இறங்கிய பெரியாயி முதலில் என் வேட்டியைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "இது யாரு?" என்றாள். "நீ பார்க்கப் போன மாப்பிள்ளை" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைச் சொன்னதையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது.

ஆகவே சம்பந்தி, கோபத்தை என் மேல் வையுங்கள். என் மகளை அவருக்குக் கட்டி வைக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளையோடு பேசுங்கள். பெண்ணைக் கொடுப்பவன் இப்படிப்பட்டவன் என்று தெரிந்த பிறகும் மனம் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நமுனுகுல முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தம்பையா

பி.கு: இதை ஒட்டுவதற்கு முன் கலாராணி வாங்கி வாசித்தாள். "எதுக்குப்பா இவ்வளவு எழுதிக் கை வலிக்க?" என்றாள். நான் மூன்று வாரம் மென்று விழுங்கியதைப் பெரியாயி மூன்றாம் நாளே பதுளை பஜாரிலிருந்து சம்பந்தியம்மாவுக்கு டெலிபோனில் சொல்லிவிட்டாளாம். இரண்டு பேரும் சிரித்துத் தீர்த்துவிட்டு, ஜீவனிடமும் கலாராணியிடமும் கேட்டு, நாளும் பார்த்துவிட்டார்களாம். நம் இருவருக்கும் கோபம் ஆறியதும் சொல்லலாம் என்று வைத்திருந்தார்களாம். எனக்கு இன்றுதான் தெரியும், உங்களுக்கு இன்னும் தெரியாதாம். எனவே அறியத் தருகிறேன்: வருகிற தை மாதம் இருபத்திரண்டாம் திகதி பதுளையில் உங்கள் மகன் ஜீவனுக்குக் கல்யாணம். தவறாமல் குடும்பத்தோடு வரவும்.