உர அரிசி

யுத்த காலம். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் ஒரு சிறு டவுன். பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அங்கே சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்த அடைக்கலசாமிக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. ஊரின் மலக்கழிவைக் குப்பையோடு குழியில் அடுக்கி, மக்கவைத்து, காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக வழங்கி, யுத்தத்தில் வெற்றி காண வேண்டியது.

அடைக்கலசாமி அப்படியே செய்தார். ஊரார் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கல்லங்குறிச்சிப் பச்சையம்மாள் மட்டும் துணிந்து ஒரு வண்டி உரம் வாங்கிப்போய்க் கத்திரிக்குப் போட்டாள். காய் கைக்கு அடங்கவில்லை. பிறகென்ன, தோட்டக்காரர்கள் எல்லோரும் ஆபீஸ் வாசலில் வண்டி கட்டி நின்றார்கள்.

இந்த நேரம் பார்த்து ரேஷன் அரிசியைப் பாதியாகக் குறைத்தார்கள். உரக்குழியும் பாதியாகக் குறைந்தது.

"செடியெல்லாம் பூ வச்சு நிக்குது, இப்பப் போயி உரம் இல்லேங்கறீங்களே சார்?" என்றாள் பச்சையம்மாள்.

"நான் என்னம்மா செய்யறது? வவுத்துக்குள்ள போனாத்தானே வெளியில வரும்?"

அவர் வீட்டிலேயே மனைவி தெரசம்மாள் கஞ்சிக்குள் அரிசியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஜில்லா உர அதிகாரி காரில் வந்து குழியை எட்டிப் பார்த்தார். "உற்பத்தி ஏன் குறைஞ்சுது?"

"ஜனங்க பட்டினி சார். கொஞ்சம் அரிசி கூட்டிக் குடுத்தா..."

"பட்டினிக்கு அரிசி கொடுக்க விதியில்லை." அதிகாரி சற்று யோசித்தார். "உரத்துக்கு மூலப்பொருள்னு கேட்டா கொடுக்கலாம்."

அடைக்கலசாமி அப்படியே கேட்டார். வந்தது. மூக்கைப் பிடித்த ஊர் முழுவதும் வரிசையில் நின்றது.

"எங்க வூட்ல எல்லாருமே நல்லா உழைக்கிற ஆளுங்க சார்!"

"எங்க மாமனார் ஒருத்தரே ஒரு குழிக்குச் சமம்!"

அன்று ஊரெல்லாம் சோறு மணந்தது. "ம், சாப்பிடுங்க. சர்க்கார் வேலையாச்சே" என்று தெரசம்மாள் குவித்துப் போட்டாள். அடைக்கலசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் குழி நிறையவில்லை. அதிகாரி மறுபடி வந்தார்.

"மூட்டை மூட்டையா அரிசி கொடுத்தோமே, எங்கேய்யா போச்சு?"

"நாள்பட்ட பசி சார். உடம்பே எல்லாத்தையும் வச்சுக்கிச்சு."

"வச்சுக்கிச்சா? அதுக்குப் பேரு பதுக்கல்!"

மறுநாளே தண்டோரா போட்டார்கள். அரசாங்க மூலப்பொருளை உடம்பில் பதுக்கியவர்கள் தண்டிக்கப்படுவார்கள். துப்புக் கொடுப்போருக்கு அரைப்படி அரிசி சன்மானம்.

விடிந்ததும் ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. போன தடவையை விட நீளம். முதல் ஆளாக மளிகைக்கடை பாலசுந்தரம் நின்றார்.

"எதிர் வூட்டுக் கொளஞ்சியப்பன் கன்னத்தைப் பாருங்க சார். உப்பிப் போயிருக்கு."

அவருக்குப் பின்னால் பையும் கையுமாகக் கொளஞ்சியப்பனே நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் பின்னால் நின்ற பச்சையம்மாள், யாரைச் சொல்லலாம் என்று யோசித்தபடி, இன்ஸ்பெக்டரின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடைக்கலசாமி வயிற்றை எக்கிக்கொண்டு பெயர்களை எழுத ஆரம்பித்தார்.