தென்னேரி ராட்சதனும் என் அப்பாவும்

கனவு காண்கிறவன் கையில் கேமராவைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும், கல்யாண வரவேற்புக்கு ஒரு படம் எடு என்று சொல்லவே கூடாது. எங்கள் வீட்டில் இரண்டையும் செய்தார்கள்.

அப்போது நான் ஏனாத்தூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு. பாடப் புத்தகத்தைவிடப் பழைய கறுப்பு வெள்ளை ராட்சதப் படங்களைப் பார்த்ததே அதிகம். ஊரையே மிதிக்கும் அந்த ராட்சதர்கள் உண்மையில் முழ உயரப் பொம்மைகள். கையை ஒரு நூலளவு நகர்த்தி ஒரு படம், இன்னொரு நூலளவு நகர்த்தி இன்னொரு படம். வரிசையாக ஓட்டினால் பொம்மை நடக்கும். காற்றே இல்லாத காட்டில் ராட்சதக் குரங்கின் ரோமம் மட்டும் சிலிர்க்கும். அது நகர்த்தியவரின் விரல் பட்ட தடம் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. (காதல் என்று நினைத்து அம்மா என் பையைச் சோதித்தாள்.)

அக்காவுக்கு ஐயம்பேட்டையில் மாப்பிள்ளை முடிவானதும் என் படத்தை அறிவித்தேன். தென்னேரி ஏரியிலிருந்து ஒரு ராட்சதன் எழுந்து, காஞ்சிபுரத்துக்குள் நடந்து வந்து, மணமக்களுக்கு மாலை எடுத்துக் கொடுப்பான். ஒன்றரை நிமிடம்.

மொட்டை மாடி அறையில், ஜன்னலுக்கு முன்னால் மேசை போட்டு, பட்டுச்சேலை அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஊரைக் கட்டினேன். ராட்சதனுக்குக் கம்பி எலும்பு, ஸ்பாஞ்சு சதை, சைக்கிள் ட்யூப் தோல், வெள்ளரி விதைப் பற்கள். (பார்த்தவர்கள் நனைந்த பெருச்சாளி என்றார்கள்.)

ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள். ஒரு பகல் முழுக்க உழைத்தால் ராட்சதன் நாலைந்து விநாடி வாழ்வான். அந்தப் பகல்களில் நான் வீட்டில் இல்லை. வெயில் பெட்டிகளின் மேல் மெல்ல ஊர்ந்தது. கீழே யாரோ கூப்பிட்டது தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் கேட்டது. அவன் இடது கால் தரையைத் தொட முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் எனக்கே கால் மரத்துவிட்டது.

"டேய், சோறு ஆறிக்கினு இருக்குது, எறங்கி வாடா!" என்று அம்மா கத்துவாள்.

கடைசி வாரம் அவள் குரல் மாறியது. "அதிரசத்த நீதான துன்ற? சீருக்கு வெச்சது குறைஞ்சிக்கினே வருது!"

நான் தின்னவில்லை. மறுக்கவும் இல்லை. ராட்சதனின் கை அப்போதுதான் மாலையைத் தொட்டிருந்தது.

வரவேற்பன்று காலையிலிருந்தே மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "அதிரசம் தட்டுல பாதிகூட இல்ல. எங்கள அவ்ளோதான் மதிக்கிறாங்க" என்று அவர் சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. அம்மா அழுகிற நிலையில் இருந்தாள். நானோ, என் படம் எல்லாரையும் குளிர்வித்துவிடும் என்று நம்பினேன்.

விளக்கை அணைத்தார்கள். பெரிய திரையில் ஏரி அலையாடியது. ராட்சதன் எழுந்தான். கைதட்டல்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ராட்சதன் ஊருக்குள் காலெடுத்து வைத்தான். அவன் பின்னால், ஜன்னலுக்கு வெளியே மொட்டை மாடியில், என் அப்பா முளைத்தார்.

நான் படமெடுத்த கைபேசியில் கட்டைவிரல் நகமளவு இருந்த ஜன்னல், திரையில் கதவளவு இருந்தது. தோள் துண்டின் மடிப்பிலிருந்து ஓர் அதிரசம் எடுத்தார். வெடுக் வெடுக்கென்று கை வாய்க்குப் போனது. அதிரசம் பிறையாகி மறைந்தது. சட்டை நீலமானது, இன்னோர் அதிரசம். சட்டை வெள்ளையானது, இரண்டு. ஏழு நாள் தீனி, அரை நிமிடத்தில். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர், இனிப்பைத் தொடமாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், என் அட்டைப்பெட்டிக் கோபுரங்களுக்கு மேல் கன்னம் உப்ப நின்றார்.

"அம்மா, ரெண்டாவது ராட்சசன்தான் பெருசு!" என்றது ஒரு குழந்தை.

நான் படம் ஓட்டியவரிடம் ஓடினேன். "நிறுத்துங்க!"

"இருப்பா, நல்லா போய்க்கினு இருக்குது."

விளக்கு எரிந்தபோது மண்டபமே அப்பாவைப் பார்த்தது. அம்மா, "ஏங்க!" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "எங்கள மதிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சம்மந்தி. இப்பதான தெரியுது, எங்க போச்சுன்னு!"

அப்பா என்னை ஓரமாக இழுத்தார். "நீ ஜன்னல் வழியா என்னப் பாத்துத் தலையாட்டுனியேடா. கண்டுக்காம வுட்டுட்டன்னு நெனச்சேன்."

நான் தலையாட்டியது ராட்சதனைப் பார்த்து. அவன் கால் சரியாக விழுந்ததற்கு.

இப்போது நான் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். எங்கள் வீட்டு விசேஷத்தில் மட்டும் கேமராவைத் தொட விடுவதில்லை. போன வாரம் அக்கா மகளின் பிறந்தநாள். அப்பா லட்டுத் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். உடனே கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வெடுக் வெடுக்கென்று கையை வாய்க்குக் கொண்டுபோய் உறைந்து நின்றார்கள். அப்பாவும் உறைந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், விரலை ஒரு நூலளவு முன்னால் நகர்த்தினார்.

அம்மா தட்டை ஒரு நூலளவு பின்னால் இழுத்தாள்.