எக்ஸ்ரே மாமா கோர்ட்டுக்குப் போனார்

முகத்தைப் பார்த்ததும் குற்றப்பத்திரிகை, மூச்சு விடுவதற்குள் தீர்ப்பு என்று வாழும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. இவர்களுக்குச் சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம். காலைப் பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்தே நாலு பேரை உள்ளே தள்ளிவிட்டுத்தான் பல் துலக்கப் போவார்கள். நல்லவேளை, சிறைச்சாவியை யாரும் இவர்களிடம் கொடுத்து வைக்கவில்லை!

சொந்தபந்தங்கள் ‘எக்ஸ்ரே மாமா’ என்று அழைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த இனத்தின் தலைமகன். நாள் முழுக்க அடுத்தவர் மூக்கையும் காதையும் அளக்கிற தொழில். அளந்து அளந்து, மனசுக்கும் தம்மிடம் அளவுகோல் இருப்பதாக ஒரு நினைப்பு. தங்கை மகளுக்கு வந்த வரன்களை எல்லாம் ‘முழியே சரியில்லை’ என்று தட்டிக் கழித்தவர் இவர்தான்.

கடை வாடகை வழக்குக்காக ஒரு நாள் மனைவியோடு கோர்ட்டுக்குப் போனார். வக்கீலைத் தேடி மனைவி மாடி ஏற, மாமா கீழே பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர் பெஞ்சில் இரண்டு பேர், ஒரே விலங்கில் ஆளுக்கு ஒரு கை. ஒருவன் மழிக்காத முகம், கசங்கிய சட்டை, சிவந்த கண். மற்றவர் வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. சீருடை இருவருக்கும் இல்லை. வேறு யாராவது என்றால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். மாமா யோசிக்கிற ஆளா?

வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் சாய்ந்தார். "சார், இவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்க. நாலு சுவர் ஏறிக் குதிச்ச கண்ணு இது."

"அப்படிங்களா?" என்றார் அவர், மரியாதையாக.

தாடிக்காரன் பெரிதாகக் கொட்டாவி விட்டான்.

"பாருங்க, கொஞ்சமாவது கூச்சம் இருக்கா?"

"அண்ணே, உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா? பொண்ணுக்கு இன்னைக்குப் பரீட்சை. ஒரு வார்த்தை பேசிட்டுத் தந்துடறேன்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

போலீஸ்காரருக்கு உதவி செய்ய யாருக்குத்தான் கசக்கும்? மாமா போனை நீட்டினார். தாடிக்காரனின் அடுத்த கொட்டாவி பாதியில் நின்றது. சும்மா இருந்த கை பாய்ந்து போனைப் பறித்தது.

"கைதி கையில போனைக் குடுக்கறியே, யாருய்யா நீ?"

ராத்திரி முழுக்க ரயிலில் கண் மூடாமல் கைதியைக் காவல் காத்து வந்த மஃப்டி போலீஸ்காரர் அவர்!

வாசலில் நின்ற காவலர்கள் ஓடி வந்தார்கள். மாமாவின் சட்டைப்பையைத் துழாவினால், கண்ணாடிக்கு ஆணி முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவர்.

"இது எதுக்கு? விலங்கைத் திறக்கவா?"

"ஐயையோ, மூக்குக்கண்ணாடிக்குங்க!"

கூட்டம் கூடிவிட்டது. "பார்த்தா பெரிய மனுஷன் மாதிரி இருக்கார்" என்றது ஒரு குரல். "இந்த மாதிரி ஆளுங்களைத்தான் நம்பக் கூடாது" என்றது இன்னொன்று. படியிறங்கி வந்த மனைவி, இரண்டு காவலர்களுக்கு நடுவே நின்ற கணவரைப் பார்த்து, "என்னங்க இது!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைச் சட்டைக்காரர்தான் வாய் திறந்தார். "அவரை விட்டுடுங்க சார். என்னைப் போலீஸ்னு நினைச்சுட்டார். போன் கேட்டது என் தப்பு."

"ஏன், என்னைப் பார்த்தா போலீஸ் மாதிரி தெரியலையா?" என்று தாடிக்காரர் சீறினார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு காவலர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு மாமா விடுதலையானார். பஸ்ஸில் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பட்டால்தான் புத்தி வரும் என்று மனைவி நிம்மதியாகச் சாய்ந்தபோது, மெல்லக் கனைத்தார்.

"அந்த வெள்ளைச் சட்டைக்காரர் நிரபராதிதான். அந்த நெத்தி ஒண்ணே போதும்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த மனிதர் எந்த வழக்கில் சிக்கினார், குற்றம் செய்தாரா இல்லையா என்று இதுவரை நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்குள் நீங்கள் ஒன்று முடிவு செய்துவிட்டீர்களே, அது என்ன?