என்னைக் கத்தவிட்டுப் படம் எடுத்த மகள்

அன்பு மைத்துனருக்கு,

நானும் உன் அக்காவும் நலம். உன் நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. அந்த ஆவல் எனக்குத் தற்சமயம் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மகளைக் கணக்கு படிக்க வைக்கலாம் என்றிருந்தவனை, "காலம் மாறிப்போச்சு மாமா, மாஸ் கம்யூனிகேஷன்ல சேருங்க" என்று என் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னது நீதான். சேர்த்தேன். படிப்பது தகவல் தொடர்பு. வீட்டுக்கு வர நேரமாகும் என்று ஒரு தகவல் கிடையாது. நிம்மதியாகச் செய்தி பார்க்க முடியவில்லை. இதை யார் சொல்றாங்க, ஏன் இப்ப சொல்றாங்கன்னு யோசிங்கப்பா என்கிறாள். மழை வரும்னு சொன்னதுக்குமா யோசிக்கிறது? யோசிச்சு, குடை எடுக்காமப் போய், தொப்பலா நனைஞ்சு வந்தேன்.

அதைக்கூட விடு. கல்லூரியில இந்தப் பருவத்துக்கு ஆளுக்கொரு ஆவணப்படம் எடுக்கணுமாம். ஊர்ல வேற ஆளே இல்லாத மாதிரி என்னைப் பிடிச்சா. என் பட்டறைக்கு வந்து, லேத் சத்தம் மைக்குல விழுது, நிறுத்துங்கன்னா. லேத்தை நிறுத்திட்டு லேத்துக்காரனை என்னன்னு படம் எடுக்கிறது? நிறுத்தினேன். பட்டறை மூடியிருக்குன்னு நினைச்சு, வந்த வாடிக்கைக்காரர் அப்படியே திரும்பிப் போயிட்டார். அந்தக் கடுப்புல வீட்டுக்கு வந்து உன் அக்காகிட்ட கத்தினேன். சமையலறை வாசல்ல நின்னு அதையும் எடுத்திருக்கா. எடுத்துட்டு, முகத்துல வெளிச்சம் விழல, இன்னொரு தடவை கத்துங்கப்பான்னு சொல்றா. கத்தினேன். மூணாவது தடவை எதுக்குக் கத்துறேன்னே மறந்துபோச்சு. உன் அக்கா சிரிச்சிட்டா. அவ சிரிச்சதுக்கு நாலாவதா ஒண்ணு கத்தினேன் பாரு, அது நிஜக் கோபம். அதைத்தான் படத்துல வச்சிருக்கா.

நேத்து போட்டுக் காட்டினா. முழுக்க நான் கத்துறேன். போன்ல, பட்டறையில, மதில்மேல சும்மா உட்கார்ந்திருந்த பூனைகிட்ட. அந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். சின்ன வயசுல நீ காய்ச்சல்ல கிடந்தப்ப விடிய விடியத் தோள்ல போட்டு நடந்தேனே, அதெல்லாம் எங்கேடின்னு கேட்டேன். "கேமராவுல பதிஞ்சதைத்தானே காட்ட முடியும்ப்பா"ன்னா. வெள்ளிக்கிழமை பேராசிரியர்கள், பெத்தவங்க எல்லாருக்கும் திரையிடப் போறாங்க. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் அங்க போய் உட்கார்றது? அவமானமா இருக்கு மாப்பிள்ளை. அதைவிட வருத்தமா இருக்கு. பெத்த பொண்ணு கண்ணுக்கு நான் இப்படியா தெரியறேன்?

ஆகவே, நீ வெட்டின குழியை நீயே வந்து மூடு. வியாழக்கிழமைக்குள்ள வந்து படத்தை நிறுத்து, அவளைக் கணக்குப் படிப்புக்கு மாத்து. வரலேன்னா இனி என் வாசப்படி மிதிக்காதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் நிறைந்த ஆசிகள். மிச்சம் இருந்தால் உனக்கும்.

இப்படிக்கு, கொதிப்புடன்,
உன் அக்காவின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் வந்தாள். படத்துல நல்லதா ஒண்ணு சேர்த்துடறேன், என்கூட சும்மா பேசிக்கிட்டிருங்கப்பான்னு கேமராவை வச்சிட்டு எதிர்ல உட்கார்ந்தா. சாப்பிட்டியான்னு கேட்டேன், அதுவும் அதட்டலாத்தான் வந்துச்சு. அவ கேமராவை அணைச்சா. "நாம ரெண்டு பேரும் கத்தாம கடைசியா எப்பப்பா பேசினோம்?"னு கேட்டா. யோசிச்சேன் மாப்பிள்ளை, ஞாபகம் வரல. நாளைக்கு மறுபடி உட்காரலாம்னு சொல்லியிருக்கா. படிப்பை மாத்துற பேச்சு வேண்டாம். நீயும் வர வேண்டாம், உன்னைப் பார்த்தா கத்திடுவேன்.